கைப்பிடிக்கு ஆயுதக் காவல்

பெலோரா நாட்டை உலகப் படத்தில் தேடுகிறவர்களுக்கு முதலில் அதன் பெயர்தான் அகப்படும். அந்தப் பெயரும் கடலில்தான் அச்சாகியிருக்கும். நாட்டுக்குள் எழுத இடம் போதாது. கொப்பரை, கருவாடு, ஒரு ஜனாதிபதி, ஒரு ராணுவம் ஆகியவை அங்கே விளைகின்றன. முதல் இரண்டுக்கும் உலகச் சந்தையில் விலை விழுந்த வருஷம், மீதி இரண்டில் ஒன்றை ஏற்றுமதி செய்வதென்று ஜனாதிபதி முடிவெடுத்தார். தன்னை அனுப்பிக்கொள்ள அவருக்கு மனம் வராததால் ராணுவம் போவதாயிற்று.

அந்த நாளில் உலகோர் அமைதிக் கழகம் என்று ஒன்று இருந்தது. எங்கேயாவது இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டால், மூன்றாவது கூட்டம் ஒன்றுக்கு மஞ்சள் தொப்பி மாட்டி நடுவில் நிறுத்துவது அதன் தொழில். நிற்கிற தலைக்கு இவ்வளவு என்று டாலரில் கூலி. கடல் தாண்டி ஒரு மலை நாட்டில் அப்போது நல்ல சண்டை நடந்துகொண்டிருந்தது. பெலோரா விண்ணப்பித்தது. கழகம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: மலைமேல் சமாதானம் காத்த முன்அனுபவம் உண்டா?

பெலோராவில் மலை கிடையாது. நாட்டிலேயே உயரமான இடம் ஜனாதிபதி மாளிகையின் மொட்டைமாடி. சண்டையும் கிடையாது, எல்லாரும் ஏதோ ஒரு வழியில் ஜனாதிபதிக்குச் சொந்தம். ஆகவே ஒரு மலையும் ஒரு சண்டையும் இரவல் கேட்டு நட்பு நாடுகளுக்கெல்லாம் எழுதினார்கள். டெல்லி அதை மெட்ராஸுக்குத் தள்ளியது. மெட்ராஸ் அதை ஒருங்கிணைப்பு அதிகாரி கோவிந்தராஜுக்குத் தள்ளியது. கோவிந்தராஜ் தேனிலவுக்கு ஏற்காடு வந்து, ஆபீஸ் தந்தி கொடுத்ததால் பாதியில் இறங்கிப் போனவர். மீதியை முடிக்க இதுவே தருணம் என்று சேர்வராயன் மலையைத் தேர்ந்தெடுத்தார். சண்டைக்கு நாகலூர்ப் பக்கம் பார்த்துக்கொள்ளலாம் என்று குறிப்பும் எழுதினார்.

எண்பத்தாறாம் வருஷம் கார்த்திகையில் படை அடிவாரத்தில் வந்து இறங்கியது. புயலில் படகு விட்ட வீரர்கள் கொண்டை ஊசி வளைவுகளில் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். லாரிகள் நிறைய மணல் மூட்டைகள் வந்தன. காவல் அரணுக்குத் தாய்நாட்டு மணலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது பெலோரா ராணுவ விதி. மணல் ஏற்றியதில் கம்பளிச் சட்டைகளுக்குக் கப்பலில் இடமில்லாமல் போய்விட்டது. பூட்ஸ் கழகத்தின் உபயம். வழியில் திருட்டுப் போகக் கூடாது என்று இடது கால் பூட்ஸை ஒரு கப்பலிலும் வலது காலை வேறொரு கப்பலிலும் அனுப்பியிருந்தார்கள். இடது வந்துவிட்டது. வலது ஏதோ துறைமுகத்தில் நின்றது. வீரர்கள் இடது காலில் பூட்ஸும் வலது காலில் ரப்பர் செருப்புமாக, மஞ்சள் தொப்பியும் நடுக்கமுமாக நாகலூரைத் தாண்டி அணிவகுத்துப் போனார்கள்.

அங்கே ஓடைக்கு இருபுறமும் மேல்கொட்டாய், கீழ்கொட்டாய் என்று இரண்டு சிற்றூர்கள். மேல்கொட்டாயில் சின்னையன் இருந்தார். சில்வர் ஓக் மர நிழலில் அவருக்குக் கொஞ்சம் காப்பிச் செடி. இரண்டு வருஷம் பொய்த்து, இந்த வருஷம் கிளை ஒடிகிற மாதிரி காய் பிடித்திருந்தது. வீட்டுக் கூரை புல். மழை வந்தால் ஒழுகுகிற இடமெல்லாம் அவர் மனைவி கண்ணாயி சட்டி வைப்பாள். குழம்பு வைக்கச் சட்டி மிஞ்சாது. இந்தக் காப்பியை விற்றதும் ஓடு போடுவதென்று தீர்மானம்.

காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோல் உரிக்க வேண்டும். உரிக்கிற மிஷினுக்குப் பல்பர் என்று பெயர். இரண்டு கொட்டாய்க்கும் சேர்த்து ஒரே பல்பர், கையால் சுற்றுகிறது. அதை யார் முதலில் சுற்றுவது என்று ஒரு காலத்தில் கைகலப்பு வந்தபோது ஊர் கூடி ஒரு ஏற்பாடு செய்தது: மிஷின் மேல்கொட்டாயில் இருக்கும், கைப்பிடி கீழ்கொட்டாயில் இருக்கும். அவனில்லாமல் இவன் சுற்ற முடியாது, இவனில்லாமல் அவனும் சுற்ற முடியாது. பறிப்புக் காலத்தில் கண்ணாயியின் தம்பி வெள்ளையன் கைப்பிடியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடை தாண்டி வருவான். வந்தவன் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். அதற்குப் பிறகு அந்த மலையில் காப்பியைப் பற்றிச் சண்டை வந்ததில்லை.

காப்பி காயப்போடுகிற களத்தில் முதல் கூட்டம் நடந்தது. படைத் தலைவர் கர்னல் பெர்தூமோ நாற்காலியில் உட்கார்ந்தார். மெடல்களுக்கு மார்பு போதாமல் சில வயிற்றுக்கு இறங்கியிருந்தன. அவர் பேச்சைத் தமிழாக்க எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மனுவேலைப் பிடித்து வந்திருந்தார்கள். மனுவேல் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். எதை மொழிபெயர்த்தாலும் அவருக்கு வேதாகமத் தமிழில்தான் வரும்.

"கர்னலானவர் கேட்கிறதாவது: உங்களுக்குள்ளே சத்துருக்கள் யாவர்? அவர்களை எனக்குக் காண்பியுங்கள்."



"ஏனுங்க ரைட்டரே, சத்துருவுக்கு நாங்க எங்கீங்க போறது?" என்றார் சின்னையன். "கீழ்கொட்டாயில பொண்ணு எடுத்திருக்கறனுங்க. இதா நிக்கறான் வெள்ளையன், என்ற மச்சினன். பாதி நாளு எங்கூட்லதான் சோறு திங்கறான்."

"மீதி நாளு மச்சான் எங்கூட்ல திங்கறாருங்க. அதையும் எழுதிக்கோங்க," என்றான் வெள்ளையன்.

கர்னலின் முகம் வாடிவிட்டது. கோவிந்தராஜ் சின்னையனைத் தனியே இழுத்துப் போனார்.

"யோவ், டெல்லி வரைக்கும் போன விஷயம்யா இது. சண்டையே இல்லன்னு சொன்னா என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சுக்கறது? சின்னதா ஏதாவது யோசிச்சுச் சொல்லு."

விருந்தாளி வாய்விட்டுக் கேட்கிறார். இல்லை என்று சொல்ல ஊருக்கும் சங்கடமாக இருந்தது. எல்லாரும் உண்மையாகவே யோசித்தார்கள். கீழ்கொட்டாய் நாய் மேல்கொட்டாய்க் கோழியைக் கவ்வியது ஞாபகம் வந்தது. ஆனால் நாய் செத்துப்போயிருந்தது; கோழியும்தான். கடைசியில் சின்னையன், தங்களுக்குள் சண்டைக்கு வழியே இல்லை என்று நிரூபிப்பதற்காக, பல்பர் ஏற்பாட்டைச் சொன்னார்.

கர்னல் எழுந்து நின்றார். அவர் கண்ணில் நீர் தளும்பியது.

"கேளுங்கள்," என்றார் மனுவேல். "இயந்திரம் ஒரு புறத்தாரிடத்திலும் இருப்புக்கோல் மறுபுறத்தாரிடத்திலும் இருக்கிறது. இத்தனை ஆயுதமும் இத்தனை சந்தேகமும் உள்ள ஜனத்தை நான் எங்கும் கண்டதில்லை. ஐயோ, தாங்கள் யுத்தத்தில் இருக்கிறதையும் இவர்கள் அறியாதிருக்கிறார்களே!"

மறுநாள் விடியும்போது ஓடை நெடுக மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. தாய்நாட்டு மணல் மூட்டைகள் அடுக்கியாகிவிட்டன. களத்தைக் கொடி ஏற்றும் மைதானம் ஆக்கி, நடுவில் கம்பம் நட்டார்கள். வெள்ளையன் வீட்டிலிருந்து கைப்பிடியைக் கைப்பற்றி, எண்ணெய் தேய்த்து, சிவப்புத் துணியில் கிடத்தி, ஒரு கூடாரத்துக்குள் வைத்து, இரவும் பகலும் துப்பாக்கிக் காவல் போட்டார்கள். ஆயுதத்தை ஒப்படைக்கிற தரப்புக்குக் கம்பளி தர வேண்டும் என்பது கழகத்தின் விதி. ஆகவே கீழ்கொட்டாயில் வீட்டுக்கு ஒரு கம்பளி. ஒப்படைக்க எதுவும் இல்லாத மேல்கொட்டாய்க்கு மீன் டின். வீரர்கள் இரண்டு கொட்டாயையும் பார்த்தபடி கம்பளி இல்லாமல் நடுங்கிக்கொண்டு காவல் நின்றார்கள்.

சின்னையனின் காப்பி பழுத்துவிட்டது. பழுத்த பழம் சர்வதேச ஒப்பந்தத்துக்குக் காத்திருக்காது. பறித்தார். பறித்துக் குவித்துவிட்டு மணல் மூட்டைக் காவலுக்கு வந்தார். கோவிந்தராஜ் அங்கே சூடாகப் போண்டா தின்றுகொண்டிருந்தார்.

"சார், கைப்பிடிய ஒரு நாளைக்கு உட்டுக் குடுங்க. பழம் நொம்பக் கெடக்குதுங்க. இன்னிக்குச் சுத்தலீன்னா புளிச்சுப் போயிருமுங்க."

"அது ஆயுதம்யா. ஆயுதம் கயிறு தாண்டணும்னா சண்டைநிறுத்தம் கையெழுத்தாகணும்."

"போட்டுக் குடுத்தறனுங்க. எங்க வைக்கோணும் கைய?"

"அவசரப்படாதே. நிறுத்தணும்னா முதல்ல சண்டைன்னு ஒண்ணு நடந்திருக்கணுமா இல்லியா? நடக்காததை எப்படிய்யா நிறுத்தறது?"

"அப்பப் பழத்த அப்படியே களத்துல காயவாச்சும் போட்டுக்கறனுங்க. வெல கொறச்சலாத்தான் எடுப்பாங்க, பரவால்லீங்க."

"களமா? அது இப்ப பெலோரா மண்ணு. கொடி பறக்குதுல்ல? உன் பழத்தைக் காயவெக்க பாஸ்போர்ட் எடுப்பியா?" கோவிந்தராஜ் விரலைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "சும்மா ஒரு தட்டு தட்டிக்கோங்கய்யா. மச்சானும் மச்சினனும்தானே? கையெழுத்து வாங்கி, கைப்பிடிய எடுத்துக் குடுத்துடறேன். நான் இருக்கேன்."

மறுநாள் காலை விசில் ஊதியதும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் சின்னையனும் அந்தப் பக்கம் வெள்ளையனும் வந்து நின்றார்கள். சிப்பாய்கள் கையெட்டும் தூரத்தில் நின்று பைனாகுலரில் பார்த்தார்கள்.

"மொதல்ல நீங்க வையறீங்களா மச்சான், நான் வையட்டுங்களா?"

"நீயே ஆரம்பி மாப்ளே. எனக்குக் கூச்சமா இருக்குது."

"டேய் சின்னையா..." என்று தொடங்கிய வெள்ளையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்பா எடுத்துக்காதீங்க மச்சான், வாய் தவறிருச்சுங்க."

கர்னல் தலையை ஆட்டினார்.

"இது இருதயத்திலிருந்து புறப்பட்ட சண்டையன்று," என்று மொழிபெயர்த்தார் மனுவேல். "இப்படிப்பட்டதைக் கழகமானது ஏற்றுக்கொள்ளாது. சத்துருக்கள் தினந்தோறும் அப்பியாசம் பண்ணக்கடவர்கள்."

அப்பியாசம் தொடங்கியது. காலையில் விசில் ஊதினால் இரண்டு கொட்டாயும் கயிற்றடியில் நின்று வைய வேண்டும். மறு விசிலுக்குப் போய்விடலாம். வையாதவர்களுக்கு மீன் டின் இல்லை. தொடக்கத்தில் எல்லாரும் மரியாதையாகத்தான் வைதார்கள். பிறகு மரியாதை போயிற்று. பிறகு சிரிப்பு போயிற்று. விசில் அடங்கிய பிறகும் கீழே இருந்து ஒரு குரல் வைதுகொண்டே போனதாகக் கர்னல் ஒரு நாள் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார்.

பழக்குவியலில் முதலில் கள் வாசனை வந்தது. அப்புறம் புளித்த வாடை. அப்புறம் பெயர் சொல்ல முடியாத ஒன்று ஓடையைத் தாண்டிக் கர்னலின் கூடாரத்துக்குள் நுழைந்தது. எதிரிகள் விஷவாயு தயாரிப்பதாக அவர் கழகத்துக்குத் தந்தி கொடுத்தார். முகமூடிகள் உடனே விமானத்தில் வந்தன. வலது கால் பூட்ஸ் வரவில்லை.

முகமூடிகள் வந்த மறுநாள் காலை விசிலுக்குச் சின்னையன் முந்திய ராத்திரி சோறு தின்னாமல் வந்தார். தோலுக்குள் அழுகிய பழத்தைக் கையில் பிசைந்து பார்த்துவிட்டு வந்தவர். அந்தப் பக்கம் வெள்ளையன் கம்பளியைப் போர்த்தி நின்றான். அவன் காப்பியும் அவன் வாசலில் அழுகிக்கொண்டிருந்தது.

"கம்பளிக்காக ஊருக் கைப்பிடியத் தூக்கிக் குடுத்தவனே!" என்றார் சின்னையன்.

"நான் குடுத்தனா? ஊடு பூந்து எடுத்துட்டுப் போனானுங்க. கேட்ட கேள்விக்கு வாய மூடிட்டு நிக்காம, பல்பரு கதைய அவுத்து உட்டது ஆரு? நீதான? பெரிய மனுசனாட்டப் பேசிட்டு, எங்க பொழப்புலயும் மண்ணள்ளிப் போட்டுட்ட!"

"எம்பட சோத்தத் தின்னுட்டு என்னையவே பேசறயா?"

"என்ன பெரிய சோறு? ஒழுகற கூரைக்குச் சட்டி புடிச்சுப் புடிச்சு எங்கக்கா கையி ஒடிஞ்சுது. ஒரு ஓடு போட வக்கில்ல உனக்கு!"

இதற்குள் இரண்டாம் விசில் ஊதியிருக்க வேண்டும். கர்னல் கையமர்த்திவிட்டார். சின்னையன் கையிலிருந்த மீன் டின் பறந்து வெள்ளையன் புருவத்தைக் கிழித்தது. வெள்ளையன் கயிறு கட்டிய முளைக்கட்டையைப் பிடுங்கிக்கொண்டு தாண்டி வந்தான். சிப்பாய்கள் அசையவில்லை. கழகத்தின் விதிப்படி அமைதிப் படை சண்டையைப் பார்க்கலாம், எழுதலாம், வருந்தலாம். தடுக்கக் கூடாது.

தடுத்தவள் கண்ணாயி. தம்பிக்கும் புருஷனுக்கும் நடுவே விழுந்தாள். முளைக்கட்டை அவள் மணிக்கட்டில் இறங்கியது. கட்டையைப் போட்டுவிட்டு வெள்ளையன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். சண்டை அத்தோடு நின்றது. அப்போதுதான் படை பாய்ந்தது. மஞ்சள் தொப்பியில்லாமல், அனுமதியில்லாமல், தடை செய்த கோட்டில் சமாதானம் செய்ததற்காகக் கண்ணாயியைக் கைது செய்து, வேறு கூடாரம் காலியில்லாததால், கைப்பிடிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

மனுவேல் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். கண்ணாயியின் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"ஏனுங்க ரைட்டரே, அவனுங்க அடிச்சுக்கறப்பக் கல்லாட்ட நின்னானுங்க. நான் வெலக்கி உட்டதுக்கு ஓடியாந்து புடிக்கறானுங்க. இது என்ன படையிங்க?"

"சமாதானப் படை, கண்ணாயி."

"அப்பச் சண்டைப் படை எங்காச்சும் இருந்தா வரச் சொல்லுங்க. அவனுங்களாச்சும் வெலக்கி உடுவானுங்க." பிறகு சிவப்புத் துணிமேல் கிடந்ததைப் பார்த்தாள். "அதுக்கு மெத்தையா? இந்தக் கையிக்கு ஒரு கட்டுப் போடச் சொல்லுங்க."

மனுவேலின் மொழிபெயர்ப்பைக் கேட்ட காவல் சிப்பாய், எதற்கும் இருக்கட்டும் என்று கைப்பிடிக்கு ஒரு சல்யூட் வைத்தான்.

சாயங்காலம் அவளை விட்டார்கள். அதற்குள் முகமூடி போட்ட ஒரு பிரிவு மேல்கொட்டாய்க்குப் போய், விஷவாயுவின் ஊற்று என்று கண்டறிந்து, சின்னையனின் பழக்குவியல்மேல் சுண்ணாம்பு கொட்டிக் குழியில் தள்ளி மூடிவிட்டது. மூடிய இடத்தில் மஞ்சள் கொடி ஒன்றும் நட்டது. நடுநிலை தவறக் கூடாது என்று, வெள்ளையனின் குவியலையும் அதே மாதிரி மூடினார்கள்.

சண்டைநிறுத்த ஒப்பந்தம் களத்தில் கையெழுத்தாயிற்று. இரண்டு கொட்டாயும் தள்ளித் தள்ளி நின்றன. இந்தத் தடவை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கர்னல் பேசினார், மனுவேல் கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"நாங்கள் இந்த மலைக்கு வந்த நாளிலே சமாதானத்துக்கு இங்கே ஒரு தேவையும் இருந்ததில்லை. ஆனாலும் நாங்கள் சோர்ந்துபோகவில்லை. பொறுமையினாலும் பயிற்சியினாலும் அந்தத் தேவையை உண்டாக்கினோம். இதோ, இன்றைக்கு இந்த ஜனங்கள் எங்களையல்லாமல் ஒருவரோடொருவர் இருக்கக் கூடாதவர்களானார்கள். ஒரு நாளிலும் எங்கள் வீரரில் ஒருவனும் காயப்படவில்லை. இதுவே சமாதானத்தின் வெற்றி."

கோவிந்தராஜ்தான் முதலில் கை தட்டினார். பிறகு, அவருடைய தனி உழைப்பைப் பாராட்டி, அவருக்கு ஒரு கம்பளி போர்த்தப்பட்டது. போர்த் தரப்பாக இருந்து ஒத்துழைத்ததற்காகச் சின்னையனுக்கும் வெள்ளையனுக்கும் ஆளுக்கொரு மெடல். கண்ணாயிக்கு எச்சரிக்கை.

சின்னையன் மெடலை வாங்கிக்கொண்டு கோவிந்தராஜிடம் போனார்.

"கைப்பிடிங்க?"

"அது பெலோரா அரசாங்கத்துச் சொத்தாயிருச்சுய்யா. மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெக்கப் போறாங்க. மூர்க்கமான மலைவாசிகள்கிட்டேருந்து பிடிச்ச ஆயுதம்னு எழுதி. உங்க ஊரு இரும்பு கப்பல் ஏறுது. சந்தோஷப்படு."

படை அடிவாரத்துக்கு இறங்கியது. வளைவுகளில் வழக்கம்போல வாந்தி எடுத்தது. அனுபவச் சான்றிதழோடு கடல் தாண்டி அந்த மலை நாட்டுக்குப் போனது. வலது கால் பூட்ஸும் அங்கேதான் போய்ச் சேர்ந்ததாம். இடது பூட்ஸ் அதற்குள் தேய்ந்துவிட்டிருந்தது. மணல் மூட்டைகளைக் கொண்டுபோக மறந்துவிட்டார்கள். கயிற்றை மறக்காமல் அவிழ்த்துப் போனார்கள். கயிறு இருந்த இடத்தை அதற்குப் பிறகும் யாரும் தாண்டவில்லை.

சேலத்துப் பட்டறையில் சொன்னால் ஒரு கைப்பிடி அடித்துக் கொடுப்பார்கள். அடித்த கைப்பிடி எந்தக் கொட்டாயில் இருப்பது என்று பேச ஓடைக்கு இரு கரையிலும் இரண்டு தடவை கூடினார்கள். முதல் தடவை பேச்சு முறிந்தது. இரண்டாம் தடவை ஒருவன் பல் போயிற்று. மூன்றாம் தடவை கூடவில்லை.

மாசியில் ஒரு நாள் காலம் தப்பி மழை வந்தது. புல்கூரை பழைய இடங்களில் ஒழுகியது. கண்ணாயி, கடைசிவரை யாரும் கட்டுப் போடாத அந்தக் கையால் காலி மீன் டின்களை எடுத்து ஒழுகுகிற இடங்களில் வைத்தாள். எல்லா ஓட்டைக்கும் டின் இருந்தது. குழம்பு வைக்கச் சட்டி மிஞ்சியது. அந்த வீட்டுக்கு உலகோர் அமைதிக் கழகம் செய்த உதவி அது ஒன்றுதான்.

சின்னையன் சாக்குப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு பல்பர் கொட்டகைக்குப் போனார். கைப்பிடி மாட்டுகிற அச்சில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. வேட்டி மடிப்பிலிருந்து மெடலை எடுத்து, அதன் வளையத்தை அச்சில் மாட்டினார். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. பிடித்துச் சுற்றிப் பார்த்தார். மெடல் மட்டும் சுற்றியது.